ஓராண்டு வாசிப்புக்கு எதை எடுப்பது: இலக்கியமா, கார்த் தொழிலின் சரிவா, அருங்காட்சியகக் கணக்கா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலையில் ஒரு மொட்டை மாடியில் கூடுகிறது. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள், இரண்டு பள்ளி ஆசிரியைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் வருவார்கள். ஆண்டுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டு முதல் ஆண்டு இலக்கியமும், இரண்டாம் ஆண்டு கார்த் தொழிலின் நெருக்கடியும், மூன்றாம் ஆண்டு அருங்காட்சியகங்களின் நிதிநிலையும் படித்தோம். இப்போது திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் புதிதாக வட்டம் தொடங்க இருக்கும் நண்பர்கள், இந்த மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய முடியாமல் எங்களைக் கேட்கிறார்கள். மூன்றையும் படித்துப் பார்த்த அனுபவத்தில், எங்கே எது இடித்தது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

புத்தக விலையை முதலில் கணக்குப் பார்ப்பதுதான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒரு வட்டம் நடுவில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமாக இருப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பாக யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்து, குறிப்பெடுத்து, மற்றவர்களுக்குப் புரியும்படி இரண்டு பக்கமாக்கித் தர வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் சலித்துப்போகும் மாதத்தில் வட்டமும் நின்றுவிடுகிறது. எனவே முன்தயாரிப்புக்கு ஆகும் நேரத்தைத்தான் முதல் அளவுகோலாக வைக்கிறேன். அடுத்தது, தேவையான பொருள் தமிழில் கிடைக்கிறதா என்பது. மூன்றாவது, இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஒரு பக்கம்கூடப் படிக்காமல் வருகிறவருக்கும் பேச இடம் இருக்கிறதா என்பது. படித்தது எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது, பேருந்திலோ மெட்ரோவிலோ போய் நேரில் பார்க்க ஏதாவது உண்டா என்பவை அதற்குப் பிறகு. கைச்செலவைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்ந்தே போகிறது, அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகத்தைப் பயன்படுத்தாமல் புத்தக விலையைப் பற்றிப் புலம்புவதில் நியாயமில்லை.

| அளவுகோல் | இலக்கியம் | கார்த் தொழில் | அருங்காட்சியக நிதி |
|---|---|---|---|
| ஒரு கூட்டத்துக்கு முன்தயாரிப்பு | இரண்டு மணி நேரம் | எட்டு மணி நேரத்துக்கு மேல் | நான்கைந்து மணி நேரம் |
| தமிழில் கிடைப்பது | தாராளமாக | செய்தி அளவில் மட்டும் | நம் அரசு ஆவணங்கள் தமிழில்; வெளிநாட்டு விவரங்கள் ஆங்கிலத்தில் |
| படிக்காமல் வருபவர் | ஓரமாக உட்கார்ந்திருப்பார் | மற்றவரைவிட அதிகம் பேசுவார் | தாளைக் கையில் கொடுத்தால் சேர்ந்துகொள்வார் |
| பழசாகும் வேகம் | பழசாவதில்லை | சில மாதங்கள் | ஆண்டுக்கு ஒருமுறை |
| நேரில் பார்க்க | நம் தெருவே | ஆலைக்குள் விடமாட்டார்கள் | எழும்பூர், புனித ஜார்ஜ் கோட்டை, பெரம்பூர்ப் பக்கம் |
| கைச்செலவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |

மணிக்கணக்குகள் எங்கள் அனுபவத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தைச் சரளமாகப் படிக்கும் இரண்டு பேர் உங்களிடம் இருந்தால் கார்த் தொழிலுக்கான எண் பாதியாகக் குறையலாம்.

இலக்கியம்

தொடங்குவதற்கு இதைவிட எளிதானது இல்லை. ஒருவர் நாவலைப் படித்திருந்தாலே கூட்டம் நடந்துவிடும். குறிப்புத்தாள் கூடத் தேவைப்படாது. ஆனால் வடசென்னையில் உட்கார்ந்து வடசென்னைக் கதைகளைப் படிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் நேரம் கதையில் சொன்னபடிதானா, அந்தச் சொல்லை எங்கள் தெருவில் யாராவது அப்படிச் சொல்வார்களா, இந்தச் சந்திலிருந்து அந்தக் கோயிலுக்கு அவ்வளவு தூரமா என்று வாசகர்கள் எல்லோரும் சாட்சிகளாக மாறிவிடுகிறார்கள். ஒரு முழு மாலை இப்படியே போனது. எழுத்தாளர் ஏன் அந்த இடத்தில் கதையை நிறுத்தினார் என்று ஆசிரியை ஒருவர் எழுப்பிய கேள்வி கடைசிவரை யார் காதிலும் விழவில்லை. வேறு ஊர்க் கதைகளுக்கு மாறியபோதுதான் பேச்சு கதையின் மேல் நின்றது. ஆகவே உள்ளூர்க் கதைகளை முதல் மூன்று மாதங்களுக்கு வைக்காதீர்கள் என்பது என் யோசனை.

கண்ணுக்குத் தெரியாத செலவு, நூல்கள் கையிருப்பில் இல்லாமல் போவது. தமிழில் நல்ல நாவல் பலவும் குறைந்த படிகளே அச்சாகின்றன. ஜனவரிப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் நான்கு படிகள் வாங்கிவிட்டு, மீதியை ஆகஸ்டில் தேடினால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்த நிலையில் நகலெடுத்துப் பகிரும் ஆசை எல்லோருக்கும் வரும். வாழும் எழுத்தாளரின் நூலை அப்படிச் செய்வது அவர் சோற்றில் கை வைப்பது. எங்கள் வட்டத்தில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது, நான் தோற்ற பக்கத்தில் இருந்தேன்.

இதற்கு ஒரு மாற்று, பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டால் அவர் நூலை யாரும் அச்சிடலாம். 1953இல் மறைந்த திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் அப்படிப்பட்டவை. 1944இல் வெளிவந்த அந்த நூலை எங்கள் பகுதிக்காரர்கள் படிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கத்தைப் பேசினால் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தையும் புளியந்தோப்புக் கலவரத்தையும் பேசாமல் இருக்க முடியாது. தொழிலாளர் ஒற்றுமையைச் சாதி எப்படிப் பிளந்தது என்ற கேள்வி, அந்தத் தெருக்களில் பாட்டன் காலத்திலிருந்து வாழ்பவர்களிடையே லேசாகக் கடந்துபோகும் கேள்வி இல்லை. அந்த ஆண்டின் பன்னிரண்டு கூட்டங்களில் நேரம் போனதே தெரியாத ஒரே கூட்டம் அதுதான்.

உறுப்பினர்களில் பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்திருந்தால், உரக்கப் படித்துக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இருந்தால், முன்தயாரிப்புக்கு யாருக்கும் நேரமில்லை என்றால் இலக்கியத்தை எடுங்கள்.

கார்த் தொழிலின் சரிவு

இந்தப் பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் ஊர்தான். லாரி ஆலை என்று நாம் அறிந்திருக்கும் எண்ணூர் ஆலை, 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸின் பெயரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் இடமாகத்தான் பிறந்தது. லேலண்டின் பெயர் 1955இல்தான் சேர்ந்தது. திருவொற்றியூரில் புல்லட் தயாரித்த என்ஃபீல்டு, இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் நிலைத்து நின்றது. ஆக, ஆலை வருவதும் போவதும் நமக்கு வீட்டுக் கதை.

ஆனால் முதல் கூட்டத்திலேயே "சரிவு" என்ற சொல்லில் சிக்கிக்கொண்டோம். ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. மறைமலை நகரிலும் குஜராத்தின் சானந்திலும் சேர்த்துச் சுமார் 4,000 பேருடைய வேலை கேள்விக்குள்ளானது. சென்னைக்கு வெளியே இன்னொரு நெடுஞ்சாலையில், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இந்த எண்ணைக் கேட்டதும் "தொழில் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார் ஒருவர். அந்த வெளியீடு முழுவதும் கொரியத் தாய் நிறுவனம் தன் கையிலிருந்த பங்குகளை விற்றது, இந்திய ஆலைக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை என்று படித்துச் சொன்ன பிறகு மீண்டும் பேச்சு தடம் மாறியது. தொழில் சரிகிறதா என்று கேட்பதைவிட, இதில் யாருக்குச் சரிவு என்று கேட்பதுதான் சரி என்று புரிய எங்களுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

2019ஆம் ஆண்டை ஒரு மாதிரியாக எடுத்துப் பார்க்கலாம். அந்த ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31.57 சதவீதம் குறைந்தது. செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு 16 வேலையில்லா நாட்களை அசோக் லேலண்ட் அறிவித்தது. காரணம் ஒன்றில்லை. முந்தைய ஆண்டு ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதில் நிதி நிறுவனங்களிடம் பணப்புழக்கம் வற்றி, வண்டிக் கடன் கிடைப்பது அரிதானது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் வந்தது. 2020 ஏப்ரலில் வர இருந்த பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிக்காக வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். லாரிக்கு இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அச்சு ஒன்றுக்கு ஏற்றலாம் என்ற பாரத்தை 2018இல் அரசு உயர்த்தியதால், கையிலிருக்கும் லாரியிலேயே கூடுதல் சரக்கு போனது. புது லாரி வாங்கும் அவசரம் யாருக்கும் இல்லை.

இவ்வளவும் புரிய வேண்டுமானால் ஒருவர் ஆங்கிலத்தில் நிறையப் படித்தாக வேண்டும். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நிர்வாகம் தொழில் நிலவரத்தை விவாதிக்கும் பகுதி மட்டும் எங்களுக்குப் பயன்பட்டது. ஒரு பொறியைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறேன். உற்பத்தியாளர் சங்கம் மாதந்தோறும் சொல்லும் "விற்பனை", ஆலையிலிருந்து முகவர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. முகவர் சங்கம் சொல்வது, ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை. முதல் எண் ஏறி இரண்டாவது எண் இறங்கினால், முகவரின் கொட்டகையில் வண்டிகள் வெயிலில் காய்கின்றன என்று பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு கூட்டங்களை நாங்கள் வீணாக்கினோம்.

பழசாகும் வேகமும் கொஞ்சநஞ்சமில்லை. ஃபோர்டின் 2021 அறிவிப்பை மட்டும் படித்தவர், அதே நிறுவனம் 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையைத் திறக்க விரும்புவதாகத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்ததைத் தவறவிட்டிருப்பார். ஃபோல்க்ஸ்வாகன் 2030க்குள் ஜெர்மனியில் 35,000 பணியிடங்களைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு உடன்பட்டது 2024 டிசம்பரில். உலகெங்கும் 20,000 பேரைக் குறைத்து, ஆலைகளைப் பதினேழிலிருந்து பத்தாக்குவதாக நிஸான் சொன்னது 2025இல். ஒரகடம் ஆலையில் தன் 51 சதவீதப் பங்கை ரெனோவுக்குக் கொடுப்பது என்ற முடிவும் அதே ஆண்டில் வந்ததுதான்.

இத்தனை சிரமத்துக்கும் ஈடாகக் கிடைத்தது, படிக்காமல் வந்தவர்களின் பேச்சு. மின்சாரக் கார்களைப் பற்றிய கூட்டத்தில் நான் தயாரித்த இரண்டு பக்கக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது, அம்பத்தூரில் உதிரிபாகப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் லேத் ஓட்டிய அண்ணன் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்டன் ரிங்கை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். வளையத்தின் வாய் சற்றே திறந்திருந்தது. அந்த இடைவெளி மயிரிழை கூடினால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், குறைந்தால் சூட்டில் முட்டிக்கொண்டு உடையும் என்று சொல்லி எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "கரண்ட் வண்டியில இதுக்கு எடமே கெடையாது தம்பி. வால்வு கெடையாது, சைலன்சர் கெடையாது. எங்க பட்டறையில பாதிப் பேர் பண்றது இந்த மாதிரி அயிட்டந்தான்" என்றார். என் குறிப்பில் இருந்த அத்தனையும் அந்த வளையத்துக்குள் அடங்கிவிட்டது.

சொல்லியாக வேண்டிய இன்னொரு விலையும் உண்டு. வேலையிழந்த மகன் உள்ள வீடொன்று எங்கள் வட்டத்தில் இருந்தது. ஆட்குறைப்பைப் பற்றி நாங்கள் விறுவிறுப்பாக எண்களை அடுக்கிய மாலைக்குப் பிறகு அந்த அம்மா மூன்று மாதம் வரவில்லை. இந்தப் பொருளை எடுப்பவர்கள் யார் முன்னால் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அருங்காட்சியக நிதி

பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இதை முன்மொழிந்த எனக்கே முதல் மாதம் நம்பிக்கை இல்லை. வட்டமாக ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, மின்விசிறி ஓடாத கூடத்தில் வியர்த்து நின்ற ஒருவர், "டிக்கெட் காசெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டதுதான் தொடக்கம். அந்த ஒரு கேள்வியே ஓராண்டுக்குப் போதுமானதாக இருந்தது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. இன்று அது ஓர் அரசுத் துறையின் பகுதி. அரசுத் துறைக்கு வரும் வருவாய், அரசமைப்பின் 266ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். செலவுக்கான பணம் சட்டமன்றம் நிறைவேற்றும் மானியக் கோரிக்கை வழியாகத் தனியாக வரும். எங்கள் வட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இதைக் கேட்டவுடன், "வாங்குற காசு மேலே போயிடுது, மேலேருந்து வர்ற காசு வேற கணக்கு. அப்ப கூட்டம் வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றார். உலகெங்கும் அருங்காட்சியக நிர்வாகிகள் பேசிக்கொண்டிருக்கும் விவகாரத்தின் மையத்தை அவர் ஒரே வரியில் தொட்டுவிட்டார்.

இந்த வழிக்கு எதிர்முனையில் அமெரிக்கா இருக்கிறது. அங்கே பெரிய அருங்காட்சியகங்களுக்கு நன்கொடையாளர் தந்த பெருந்தொகை முதலீடாக வைப்பில் இருக்கும். அதிலிருந்து ஆண்டுக்குச் சிறு பங்கை மட்டும் எடுத்துச் செலவிடுவார்கள். அதுவும் போதாமல், விருப்பம்போல் கொடுக்கலாம் என்றிருந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2018 மார்ச்சில் வெளியூர்க்காரர்களுக்கு 25 டாலர் கட்டாயக் கட்டணம் வைத்தது. பிரிட்டன் தேசிய அருங்காட்சியகங்களை 2001இலிருந்து எல்லோருக்கும் இலவசமாக்கியது. விளைவாகப் புரவலர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பத்தாண்டுகளுக்கு 5 கோடி பவுண்டு தரும் எண்ணெய் நிறுவனத்தோடு 2023இல் செய்துகொண்ட உடன்பாடு, பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. கட்டணமா, அரசா, புரவலரா என்று எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

டெட்ராய்ட் கதைக்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் கொடுத்தோம். கார் நகரமான டெட்ராய்ட் 2013 ஜூலையில் திவாலுக்கு மனுச்செய்தபோது, அதன் கலை அருங்காட்சியகத்தின் சேகரம் நகராட்சியின் சொத்தாக இருந்தது. ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கச் சொல்லிக் கடன்காரர்கள் நெருக்கினார்கள். இன்னொரு பக்கம் ஓய்வூதியம் வெட்டப்படும் என்ற அச்சத்தில் நகராட்சியின் முன்னாள் ஊழியர்கள் இருந்தார்கள். அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 81.6 கோடி டாலரை இருபது ஆண்டுகளில் ஓய்வூதிய நிதிக்குத் தருவது, பதிலுக்குச் சேகரத்தைத் தனி அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. ஓவியங்கள் தப்பின, பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீத வெட்டு விழுந்தது, ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்வதும் நின்றது. அதே அருங்காட்சியகத்தின் சுவரில் ஃபோர்டு ஆலைத் தொழிலாளர்களை டியேகோ ரிவேரா 1932–33இல் வரைந்த ஓவியம் இருக்கிறது; அதற்குப் பணம் கொடுத்தவர் எட்ஸல் ஃபோர்டு. முந்தைய ஆண்டு முழுவதும் கார்த் தொழிலைப் படித்திருந்த எங்களுக்கு அந்தச் சுவரைப் படத்தில் பார்த்தபோது பேச்சு எழவில்லை. ஓவியமா, ஓய்வூதியமா என்று கைதூக்கச் சொன்னபோது, துறைமுகத்து ஐயா ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

செலவு என்று பார்த்தால் இதுவே மலிவு. துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் வரவு செலவு ஆவணங்களும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன; நான்கு தாள் நகலெடுத்தால் ஒரு கூட்டம் நடக்கும். நேரில் பார்க்க எழும்பூரும் கோட்டையும் உண்டு, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனால் அவர்கள் திரும்பி வரவே மாட்டேன் என்பார்கள். மறைமுகச் செலவு, முதல் இரண்டு மாதச் சலிப்பு. மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்ற மூன்று பத்திகளை வேறுபடுத்திப் பார்க்கப் பழகும்வரை தாள் வெறும் தாளாகத்தான் தெரியும். எங்களில் மூன்று பேர் அந்த இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்கள்.

யாருக்கு எது

திருவொற்றியூர் நண்பர்களிடம் ஆலைகளில் இருந்தவர்கள் அதிகம், ஆங்கிலம் படிக்கும் இளம் பொறியாளர்கள் இருவரும் உண்டு. அவர்கள் கார்த் தொழிலை எடுக்கலாம், ஆனால் அந்த இருவரும் மாறிமாறித் தயாரிக்க ஒப்புக்கொண்ட பிறகே எடுக்க வேண்டும். வியாசர்பாடியில் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் சேர்ந்து வருவார்கள் என்கிறார்கள். அங்கே இலக்கியம், அதுவும் உரக்கப் படித்தல். ஆட்கள் யாரென்றே தெரியாமல் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அருங்காட்சியகக் கணக்கையே சொல்வேன். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு அரசு நிதி எப்படி ஓடுகிறது என்ற பாடமும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றையும் நான்கு நான்கு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாமே என்ற யோசனை உங்களுக்கும் வரும். ஒவ்வொரு பொருளிலும் அதன் சொற்கள் நாக்குக்குப் பழகவே இரண்டு மாதம் ஆவதால், மீதி இரண்டு மாதத்தில் எதுவும் கைக்கு வராது. நாங்கள் அதைச் செய்ய மாட்டோம். வரும் ஆண்டுக்கு எங்கள் வட்டம் மீண்டும் இலக்கியத்துக்கே திரும்புகிறது. திரு.வி.க.வின் நூலில் மில் சங்கம் பற்றிய பகுதியை முதல் இரண்டு கூட்டங்களுக்கு வைத்திருக்கிறோம். மூன்று மாதம் வராமலிருந்த அந்த அம்மாதான் முதல் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்போகிறார்.